பூ நேரத்து மருந்து

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் அவளுக்குக் கழுத்து வலித்தது.

பந்தல் முழுக்கத் திராட்சை பூத்திருந்தது.

பூ என்றால் பூ மாதிரி இருக்காது. கடுகளவு பச்சை மொட்டு. அது தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டால் பூத்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் தூள் அதன் மேலேயே விழ வேண்டும். விழுந்தால் பிஞ்சு. இல்லையென்றால் கொட்டிப்போகும்.

வண்டு வேண்டாம், தேனீ வேண்டாம். சும்மா விட்டால் போதும்.

சும்மா விடுவதுதான் இந்த வீட்டு ஆண்களுக்கு வராதே!

விடிகாலையில் தூறல் போட்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் கணவனின் அண்ணன் ஒச்சப்பன் டிரம்மில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருந்தடிக்கும் மோட்டாரும் ஓஸும். மயில்துத்தமும் சுண்ணாம்பும். நீலமாகக் குழைந்து நின்றது. காற்று அவர் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வீசியது.

துத்தம் பட்ட பூ பிஞ்சு பிடிக்காது.

போன வெள்ளாமையும் பூவிலேயே போயிற்று. இதுவும் போனால் கொடியைத் தோண்டிப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

இந்தப் பக்கம் அவள் கணவன் வனராசு. கையில் கம்பி வெட்டும் குறடு.

"மோட்டாரக் கிளப்பட்டும், கம்பிய அத்து விட்டுர்றேன். அவன்ட்டச் சொல்லு."

'அவன்' நாலு எட்டு தள்ளித்தான் நின்றார்.

"காதுல விழுந்துச்சுன்னு சொல்லும்மா" என்றார்.

பாகம் பிரித்ததிலிருந்து இப்படித்தான். அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் அவள் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். அவள் என்ன தபால்பெட்டியா?

நிலத்துக்கு நடுவில் கல் ஊன்றிவிட்டார்கள். பந்தலைப் பிரிக்க முடியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கம்பி, விறைப்பாக இழுத்துக் கட்டியது. நடுவில் அறுத்தால் இரண்டு பக்கமும் தரைக்கு வந்துவிடும்.

அதைத்தான் அறுக்கப் போகிறானாம்.

இத்தனைக்கும் இந்த வம்பே இவன் இழுத்து வந்தது. எப்போதும் இரண்டு பக்கமும் ஒரே நாளில்தான் கவாத்து. சேர்ந்து வெட்டினால் சேர்ந்து துளிர்க்கும், சேர்ந்து பூக்கும். இந்த முறை அண்ணன் கத்தரியை எடுத்த அன்று வனராசு போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். அவன் வெட்டுற அன்னைக்கு நான் எதுக்கு வெட்டணும் என்றான். வீம்பு. அவள் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே.

இப்போது அங்கே பிஞ்சு, இங்கே பூ.

தூறல் விழுந்தால் பிஞ்சுக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும். பூவுக்கு அடிக்கவே கூடாது.

ஒச்சப்பன் மோட்டாரைக் கிளப்பவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தென்னங்கீற்று எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தார்.

காற்று திரும்பவில்லை.

"பயந்துட்டான்" என்று வனராசு பீடியைப் பற்றவைத்தான்.

அவள் கல்லருகே போனாள். அந்தப் பக்கத்து இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாகப் பூசணம். பிஞ்சுக் கொத்தின் காம்பிலும் ஏறத் தொடங்கியிருந்தது. இன்று அடிக்காவிட்டால் நாளைக்கு அடித்துப் பிரயோசனமில்லை.

அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அடித்துத் தொலைத்திருந்தால் வாய் நிறையத் திட்டித் தீர்த்திருக்கலாம். இப்படி வாளியில் உட்கார்ந்துகொண்டால் யாரைத் திட்டுவது? ஒருத்தன் அறுப்பேன் என்கிறான், அறுக்க மாட்டான். ஒருத்தர் அடிக்கக் கலக்கி வைத்துவிட்டு அடிக்க மாட்டார். நடுவில் அவள்.

சீ என்று ஆகிவிட்டது.

முந்தானையை இழுத்துச் செருகினாள். கல்லைத் தாண்டினாள்.

"எந்திரிங்க மாமா."

மோட்டாரின் கயிற்றை அவளே இழுத்தாள்.

படபடவென்று சத்தம். தரையில் கிடந்த ஓஸ் துள்ளியது. ஒச்சப்பன் குனிவதற்குள் வனராசு பாய்ந்து வந்து அதன் முனையைப் பிடித்துக்கொண்டான். அடுத்தவன் பிடித்தால் பூ போய்விடுமாம். இவன் பிடித்தால் போகாதாம்.

கல்லருகே போய்த் தன் பூவுக்கு முதுகைக் காட்டி நின்றான். அண்ணனின் பிஞ்சைப் பார்த்து அடித்தான்.

எதிர்க்காற்று.

மருந்து திரும்பி அவன் முகத்திலேயே விழுந்தது. முடி நீலம். மீசை நீலம். கொஞ்சம் அவன் தலைக்கு மேலாகப் போய் முதல் வரிசைப் பூவில் படிவதை அவள் பார்த்தாள்.

அவன் நகரவில்லை. கையால் முகத்தைத் துடைப்பதும் அடிப்பதுமாக இருந்தான்.

"கண்ண மூடிக்கிறச் சொல்லும்மா. துத்தம் எரியும்" என்றார் ஒச்சப்பன்.

அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லும்மா."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இனி ஒரு சொல் அவள் வழியாகப் போகாது.

ஒச்சப்பன் அவளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கண் சிவந்து நீர் கொட்ட, அவன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தான்.

அவர் வாளியை எட்டி உதைத்துவிட்டுக் கல்லை நோக்கி நடந்தார். தம்பியை நேராகப் பார்த்து, மோட்டார் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

ஒரு கெட்ட வார்த்தையில்தான் தொடங்கினார்.