மூன்றாவது நாய்

வேட்டைக்காரருக்குப் பறவை பதுங்கியிருக்கும் இடத்தை அசையாமல் நின்றே காட்டிக்கொடுத்த கிழநாய் செத்துப்போனதால் கரட்டுப் புதரிலிருந்த கௌதாரி ஜோடி நிம்மதியாக இருந்தது. அவர் வேறு நாய் தேடினார். முதலில் கூட்டிவந்த சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்திக்கொண்டு போய்விட்டது. அடுத்து வந்த கோம்பை நாய் ஊருக்கே கேட்கும்படி குரைத்தது.

"செத்தவன் கால்தூசிக்கு வருமா இதெல்லாம்? அவன் நின்னா காத்தே நின்ன மாதிரி இருக்கும்," என்றது பெட்டை.

"நம்ம சொந்தத்துல பாதியைக் காலி பண்ணினவனுக்குப் பரிஞ்சு பேசுறே," என்றது சேவல்.

மூன்றாவதாக வந்தது தொங்குகாதும் உடம்பெல்லாம் புள்ளியுமாக ஒரு குட்டி. புதருக்கு எதிரே வந்ததும், யாரும் சொல்லித்தராமலே, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, வாலை நீட்டி, அப்படியே நின்றுவிட்டது. அதன் பின்னால் துப்பாக்கி மெல்ல உயர்ந்தது.

"பறந்துடு," என்றது சேவல்.

"அவனை மாதிரியே நிக்குதுங்க," என்றது பெட்டை. "நீங்க போங்க. இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு வர்றேன்."