உயர்த்திய கை

உறுதிமொழிக்காக எல்லோரும் வலது கையை உயர்த்தியபோது ஞானசௌந்தரியின் தொளதொளத்த சட்டைக்கை முழங்கை தாண்டி வழிந்தது. மேடையில் நின்ற அதிகாரி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். முழங்கை மடிப்பு முழுக்க நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. அதில் பாதி தன் கைவேலை என்பது பக்கத்தில் நின்ற மதுரவல்லிக்குத் தெரியும். கடல் கடந்து வந்து ரத்தம் எடுக்கப் பழகிய தன்னார்வலர் பயிற்சி முகாமில், ஊசி குத்திப் பார்க்க இருந்த ஒரே ரப்பர் கையும் கிழிந்துபோனது. நரம்பு கிடைக்காமல் திணறியவர்களுக்கெல்லாம் ஞானசௌந்தரிதான் கையை நீட்டினாள். "குத்து பிள்ள, நான் அந்தப் பக்கம் பாத்துக்கிடுதேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் ஊர் வழியாகப் போகும் பஸ்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பாள். பவளராணி, ஒளிமுத்து, சின்னக்கிளி. முனகவே மாட்டாள். வலி பொறுக்காதபோது மட்டும் ஒரே பெயரை இரண்டு தடவை சொல்வாள்.

உறுதிமொழி முடிந்து எல்லோரும் முறைப்படி தன்னார்வலர்களானார்கள். ஆளுக்கொரு ஊர். மலைக்கு அப்பால் போகும் ஜீப் முதலில் வந்தது. ஞானசௌந்தரி ஏறிக்கொண்டாள்.

"எனக்குக் குடுத்த ஊருல போயி நரம்பு கெடைக்கலன்னா என்னக்கா பண்றது?" என்றாள் மதுரவல்லி.

"கெடைக்கும். என் கையின்னு நெனச்சுக்கோ."

ஜீப் உறுமியது. ஜன்னல் வழியே அந்தக் கை நீண்டது. மதுரவல்லி அதைப் பிடித்தாள். ஞானசௌந்தரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பவளராணி" என்று கேட்டது.

வண்டி நகர்ந்து கை நழுவியபோது, இன்னொரு தடவையும் கேட்டது.