இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு பள்ளம்

"ரெண்டு புள்ளிக்கு நடுவுல பள்ளம் கிள்ளம் இருந்தா, உங்க கம்ப்யூட்டரு கண்டுபுடிச்சிடுங்களா சார்?"

கூலிக்கு அளவுகோல் பிடிக்க வந்த சின்னராசு, ஏதோ சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

மெட்ராஸ் கல்லூரி ஆராய்ச்சியாளன் கிருஷ்ணனுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. ஜவ்வாது மலைக்கு வந்ததிலிருந்து யாருமே அவனிடம் கணக்கைப் பற்றிக் கேட்டதில்லை, பாவம். உட்காரவைத்து விளக்கினான். சரிவில் அங்கங்கே புள்ளி வைத்து உயரத்தை அளந்து கொடுத்தால் போதும். எல்லாப் புள்ளியையும் தொட்டுப் போகிற மாதிரி கம்ப்யூட்டர் ஒரு சூத்திரம் போட்டு வளைந்த பரப்பை வரைந்துவிடும், முளைக்குச்சிகள் மேல் வேட்டியை இழுத்துக் கட்டுகிற மாதிரி. மலையைத் திரையில் எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம்.

"நடுவுல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது சின்னராசு. அதுவா வழவழன்னு இட்டு நிரப்பிடும்."

சின்னராசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதிரே தெரிந்த பாறைகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதில் அவனும் மனைவி கெங்கம்மாளும் பட்டா இல்லாமல் சாமை விதைத்திருந்தார்கள். காட்டு இலாகா கண்ணில் பட்டால் பயிரையே பிடுங்கி எறிந்துவிடுவார்கள். வருஷத்துச் சோறே அதுதான். இந்த அளவெல்லாம் யாருக்காக என்று கேட்கக்கூட அவனுக்குப் பயம். எதற்குக் கேட்கிறாய் என்பார்களே.

பாறைகள் நெருங்கியதும் கிருஷ்ணனைத் தடுத்தான்.

"அங்க வராதீங்க சார். மலைத்தேனீ கூடு கட்டிக்கீது. கொட்டுச்சுன்னா போளூர் ஆஸ்பத்திரிதான்."

கிருஷ்ணன் அதற்கப்புறம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. சின்னராசு மட்டும் போய், பள்ளத்துக்கு இந்தப் பக்கப் பாறைமேல் ஒரு புள்ளி, அந்தப் பக்கப் பாறைமேல் ஒரு புள்ளி என்று கோலை நிறுத்திக் காட்டினான். வீட்டுக்குப் போய்க் கெங்கம்மாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சாமை கதிர் பிடிக்கும் சமயத்தில் கிருஷ்ணன் மறுபடி வந்தான். கையில் கம்ப்யூட்டர் வரைந்த படம். வலை போர்த்தியது போல மலை முழுக்கக் கோடுகள். பள்ளம் இருந்த இடம் சமதளமாகக் கிடந்தது.

"படம் சோக்கா கீது சார்" என்றான் சின்னராசு, மனசு குளிர்ந்து.

"எல்லாம் உங்க உழைப்புதான். படம் கேட்டவங்களுக்கும் ரொம்பத் திருப்தி. இந்த மலையிலேயே இவ்வளவு சமமான எடம் வேற இல்லையாம், காட்டு இலாகா புது ரேஞ்சர் ஆபீசை அங்கதான் கட்டப் போறாங்க. நாளைக்கு ரேஞ்சரே வர்றார், எடம் காட்ட உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்."