மூளி கொடுத்த குரல்

சிங்கராஜாவின் பல்லக்கை நான்கு கழுதைகள் சுமந்தன. முன்னால் போகும் மூளிக்காதுக் கழுதை "மேடு" என்றால் மற்ற மூன்றும் காலைத் தூக்கி வைக்கும்; "பள்ளம்" என்றால் பார்த்து இறங்கும். அதெல்லாம் தனக்குப் போடுகிற வாழ்த்து என்றே ராஜா நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சியது. தான் குளிப்பதற்கென்று ராஜா அதைச் சுற்றி வேலி போட்டுவிட்டார். ஒருநாள் நடுவழியில், பின்னால் வந்த கிழட்டுக் கழுதை தாகத்தில் சுருண்டு விழுந்தது. பல்லக்கு சாய்ந்தது.

"வேற ஒண்ணை மாட்டிட்டு நடங்க," என்றார் ராஜா, திரையைக்கூட விலக்காமல்.

மூளி திரும்பிப் பார்த்தது. பிறகு, வழக்கமான அதே குரலில், "இறக்கு" என்றது. பல்லக்கு சுடுமணலில் உட்கார்ந்தது.

"யாரைக் கேட்டு இறக்குனீங்க?"

"தூக்குறவங்களைக் கேட்டு," என்றது மூளி.

ராஜா ஒரு காலை வெளியே வைத்தார். மணல் சுட்டது, இழுத்துக்கொண்டார்.

கிழவனைத் தாங்கிப் பிடித்தபடி மூன்றும் குளத்துப் பக்கம் நடந்தன. மான் சேர்ந்தது, முயல் சேர்ந்தது, யானையும் வந்தது. வேலி எதிர்ப்பட்டபோது மூளி நிற்கவில்லை.

"மேடு," என்றது.

காடு மொத்தமும் காலைத் தூக்கி வைத்தது.