நெட்டை உதைத்த உதை

"நான் பிள்ளையை உங்க கிளாஸுக்கு அனுப்பினது அடியைத் தடுக்கக் கத்துக்கவா, அடி வாங்கவா?"

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள் அம்மா. மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பத்து வயது மகளையும் இழுத்துக்கொண்டு மூணு மாடி ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

கராத்தே மாஸ்டர் ஒரு பெண். அம்மாவைவிட நாலைந்து வயது சின்னவள்.

"என்ன ஆச்சுக்கா?"

"என்ன ஆச்சா? இதைப் பாருங்க!"

மகளின் இடது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போன தடங்கள்.

"காலையில தலை துவட்டும்போது பார்த்தேன். உயிரே போயிடுச்சு. பழசு பச்சையாக் கிடக்கு, அதுக்கு மேலயே புதுசு நீலமா! எப்படிடி வந்துச்சுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறா. கிளாஸ்ல யாரோட ஜோடின்னு கேட்டேன். நெட்டைன்னா."

நெட்டை, வகுப்பிலேயே உயரமான பெண். பன்னிரண்டு வயது. இரண்டு மாதமாக ரவுண்ட்ஹவுஸ் கிக் பழகுகிறாள். பக்கவாட்டில் சுழன்று வரும் உதை அது.

போன வாரம் அம்மாவே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். நெட்டையின் கால் மின்விசிறி இறக்கை மாதிரி சுழன்று வந்தது. எதிரே ஒரு பிடி உயரத்தில் மகள், உதையைத் தாங்கும் மெத்தையான 'பேடு' ஒன்றை அணைத்துக்கொண்டு. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மாஸ்டர் கூப்பிட்டாள். நெட்டை வந்து நின்றாள்.

"இது நீ உதைச்சதா?"

நெட்டை மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"ஆமா மாஸ்டர். நிக்கிற காலைத் திருப்பாம உதைச்சிட்டேன். பேடைத் தாண்டிப் பட்டிருச்சு. ஸாரி ஆன்ட்டி."

"பார்த்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா! இனிமே இவ எம்பொண்ணு இருக்கிற பக்கமே வரக்கூடாது. இல்லேன்னா நான் பிள்ளையை நிறுத்திடுறேன்."

மாஸ்டர் குனிந்து, மகளின் கையை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"அக்கா, கோவிச்சுக்காம இந்தப் பேடைக் கொஞ்சம் பிடிங்க."

"நானா?"

"நீங்கதான். கையை ஒட்டி, பக்கவாட்டுல. பயப்படாதீங்க."

அம்மா பேடைக் கையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். நெட்டை எதிரே வந்து நின்றாள்.

"முட்டி முதல்ல மேல வரட்டும். நிக்கிற காலைச் சுத்து. குதிகால் ஆன்ட்டியைப் பார்க்கணும். இப்போ இடுப்பு... உதை!"

படார்!

அம்மா அரை அடி நகர்ந்து போனாள். வலிக்கவில்லை.

"எங்க பட்டுச்சுக்கா?"

"பேடுல... கைக்கு வெளிப்பக்கம்."

"இப்போ தப்பா உதை. குதிகாலைத் திருப்பாதே. மெதுவா."

கால் மேலே ஏறவே இல்லை. அம்மாவின் தொடையில் தட்டிவிட்டுத் திரும்பியது.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினாள். "சரியா உதைச்சா வெளிப்பக்கம். தப்பா உதைச்சா தொடை. உங்க பொண்ணுக்குத் தடம் கையோட உள்பக்கம் இருக்குக்கா, விலாவை ஒட்டி. அங்க கால் போறதுக்கு வழியே இல்ல. அதுவும் பாதம் பட்டா அகலமாக் கன்றும். இது சின்னச் சின்னதா, வரிசையா நாலு."

அம்மா பேடைக் கீழே போட்டாள்.

அப்படியென்றால் யார்? பள்ளிக்கூடத்திலா? வேன் டிரைவரா? டியூஷன் போகிற வீட்டிலா? ஒரே மூச்சில் என்னென்னவோ வந்து போயின. காதுக்குள் கொய்யென்று சத்தம். மாஸ்டரின் உதடு அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை.

"யாருடி?" மகள் மேல் பாய்ந்தாள். "யாரு உன்னை என்ன பண்ணினா? சொல்லித் தொலையேண்டி! அம்மாகிட்ட சொல்ல மாட்டியா? சொல்லு!"

உலுக்கிய உலுக்கலில் சின்ன உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. மகள் அழவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எப்போது முடியும் என்று காத்திருப்பவள் போல நின்றாள்.

"அக்கா." மாஸ்டர் மெதுவாக அவள் தோளைத் தொட்டாள். "உங்க கையைப் பாருங்க."

பார்த்தாள்.

அவளுடைய வலது கை மகளின் இடது கையைக் கவ்விப் பிடித்திருந்தது. கட்டைவிரல் முன்னால், மற்ற நாலும் உள்பக்கம். ஒவ்வொரு விரலாக எடுத்தாள். ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஒரு நீலம்.

ரோட்டைக் கடக்கும்போது, பஸ் நெரிசலில், நாய் குரைத்தால், வேன் வர நேரமானால் என்று எதற்கெடுத்தாலும் அவள் பிடிக்கிற பிடி. எங்கே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் பிடிக்கிற பிடி.

எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நெட்டை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"நான்தான் உதைச்சேன்னே இருக்கட்டும் ஆன்ட்டி. உங்களுக்குத் தெரிஞ்சா அழுவீங்கன்னு அவ சொன்னா."