சாருக்கு ஒரு பை

"சாருக்குங்களா?" என்றார் கடைக்காரர் நாச்சிமுத்து.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தலை தன்பாட்டுக்கு ஆடிவிட்டது.

ஆடியது ஆடியதுதான். இனி இல்லாத சாருக்குப் பை வாங்கியாக வேண்டும்.

ஈரோட்டில் அந்த டூல்ஸ் கடையில் பைகளுக்கென்றே ஒரு சுவர். இரும்புப் பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி, முதுகுப் பை, தோள் பை. நாச்சிமுத்து ஒவ்வொன்றாக இறக்கினார். விற்பதைவிடப் பேசுவதில் பிரியம் அதிகமுள்ள மனுஷர்.

"சாருக்கு என்ன வேலைங்க?"

"வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் ரிப்பேருங்க. வீடு வீடாப் போயிப் பாக்கறது."

"ஆளு உயரங்களா?"

"என் உயரந்தானுங்க இருப்பாரு."

"வண்டி?"

"ஸ்கூட்டிங்க."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். ஸ்கூட்டியில் வரும் சாரை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருப்பார். நமக்கென்ன என்று அடுத்த பெட்டியை இறக்கினார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் கெட்டது.

இரும்புப் பெட்டி பார்க்க ஜோராக இருந்தது. தூக்கிப் பார்த்தாள். காலியாக இருக்கும்போதே தோள்பட்டையை இழுத்தது. இதோடு நாலு நாள் மாடி ஏறினால் ஐந்தாவது நாள் ஆஸ்பத்திரிதான்.

முதுகுப் பை வேண்டாம். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துவிடுவார்கள்.

அவள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சுலோச்சனா கதவைத் திறக்கும்போது, ஆளைப் பார்க்குமுன் பையைப் பார்க்க வேண்டும். மெக்கானிக் வந்தாச்சு என்று தோன்ற வேண்டும். பிறகுதான் முகம்.

சுலோச்சனா யாரென்று அவளுக்கே தெரியாது. கருங்கல்பாளையத்தில் ஒரு வீடு. தண்ணீர் வடியாத ஒரு வாஷிங் மெஷின். போனில் ஒரு குரல்.

ஆனால் முதல் வாடிக்கை.

ஏழு வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரின் பின்கட்டில் உட்கார்ந்து மெஷின்களைப் பிரித்துப் பூட்டியவள். வீடுகளுக்குப் போகிற வேலை மட்டும் ஆண்களுக்கு. போதும்டா சாமி என்று போன வாரம் எழுந்து வந்து, சொந்தமாகத் தொடங்கினாள்.

முதலில் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். வருவது அவள்தான் என்றதும், ஆம்பளை யாராவது இருந்தால் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது சுலோச்சனா. மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்று கேட்டார்.

வருவாரு என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால், மறுபடியும் அந்தப் பின்கட்டுதான்.

"இதப் பாருங்க," என்றார் நாச்சிமுத்து.

காக்கித் துணியில் தோள் பை. அடிப்பாகம் கெட்டி. வாயை விரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். தரையில் வைத்தாலும் சாயாமல் நின்றது. பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது.

"கொண்டுபோயி சாரை மாட்டிப் பாக்கச் சொல்லுங்க. வாரு சரியில்லீன்னா மாத்திக்கலாம்."

சாருக்கு எங்கே போவாள்.

துணிக்கடைக் கட்டைப்பையில் வைத்திருந்ததை எல்லாம் மேசைமேல் எடுத்து வைத்தாள். ஸ்பேனர்கள், மல்டிமீட்டர், டெஸ்டர், டப்பாவில் ஸ்க்ரூ, அடைப்பு எடுக்கும் கம்பி. பிறகு கைகள் யாரையும் கேட்கவில்லை. கனமானது அடியில். டெஸ்டர் வெளி ஜேப்பில், பார்க்காமல் எடுக்கிற இடத்தில். ஸ்பேனர் எல்லாம் அளவு வரிசையில்.

தோளில் மாட்டி நாலடி நடந்தாள். பை முட்டியில் இடித்தது.

நாச்சிமுத்து பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்குன்னு சொன்னீங்க?"

"அந்தச் சாரு நாந்தானுங்க."

சொல்லியாயிற்று. கடை இடிந்து விழவில்லை.

நாச்சிமுத்து கிட்டே வந்து வாரை நாலு விரற்கடை ஏற்றிப் பூட்டினார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா, கடையில இருக்கறதெல்லாம் எறக்கியிருக்க மாட்டனுங்க."

சிரிப்பு அவருக்குத்தான் முதலில் வந்தது. அவளுக்கு வந்தபோது பைக்குள் ஸ்பேனரெல்லாம் குலுங்கின.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். இந்தத் தெம்பு ஸ்கூட்டிவரைகூடத் தாங்குமோ என்னவோ. கடை வாசலிலேயே போனை எடுத்துச் சுலோச்சனாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஞாயித்துக்கெழம மெக்கானிக் வருவாருன்னு சொன்னேனுங்க. வர்றது நாந்தானுங்க. மெக்கானிக்கே நாந்தான்."

அந்தப் பக்கம் பக்கெட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழாயை மூடும் சத்தம் கேட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க," என்றார் சுலோச்சனா. "வர்றது ஆம்பளையாச்சே, எங்க ஊட்டுக்காரரு இருக்கறப்ப வரட்டும்னுதான் ஞாயித்துக்கெழம சொன்னனுங்க. நாலு நாளாக் கையிலயே தொவைச்சு முதுகு போச்சு. நீங்கன்னா அதுவரைக்கும் எதுக்குங்க? இப்பவே வந்துருங்களே. பக்கத்து ஊட்டு அக்காவும் ஞாயித்துக்கெழமைக்குத்தான் ஆளு தேடிட்டிருக்காங்க."

"வர்றேனுங்க," என்றாள்.