பெரிய மூக்கு, சின்ன மூக்கு

துப்பியிருக்க வேண்டியதை அவர் விழுங்கிவிட்டார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, இது ஐந்தாவது. நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பது போலிருந்தது.

முதலாளி கவனித்துவிட்டாரோ என்று திருட்டுப் பார்வை பார்த்தார். முதலாளியின் கண்ணெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரி மேல்தான் இருந்தது. அப்பாடா!

மேசையில் எட்டுக் கோப்பைகள். பாலோ சர்க்கரையோ படாத வெறும் காபி. அந்தக் காபிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தலைமை டேஸ்டர். கரண்டியால் ஒரு வாய் உறிஞ்சுவார், நாக்கில் உருட்டுவார், பக்கத்து எவர்சில்வர் குவளையில் துப்புவார், மார்க் போடுவார். எந்த மூட்டையில் என்ன வாடை என்று புட்டுப்புட்டு வைப்பதால் 'பெரிய மூக்கு' என்று பெயர். பதினோரு வருடமாகக் கூட நின்று ருசி பார்க்கும் உதவி டேஸ்டரம்மா 'சின்ன மூக்கு'.

அந்தப் பெரிய மூக்குதான் மூன்று நாளாக அடைத்துக் கிடந்தது. தூசு அலர்ஜி. காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காலையில் மூக்கடைப்புக்கான அலர்ஜி மாத்திரையைக் கொடுக்கும்போதே மருந்துக்கடைப் பெண் எச்சரித்தாள். "இதைப் போட்டுட்டு காபி கீபி குடிச்சிடாதீங்க சார். ரெண்டும் சேர்ந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கை நடுங்கும்."

"காபியா? நானா? சேச்சே!"

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவர் வாய்க்கு எட்டுக் கோப்பை கிடைத்தது. விழுங்கினாலாவது தொண்டை வழியாக ஏதாவது வாடை மூக்குக்கு ஏறாதா என்று ஒவ்வொரு வாயையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"குடோன் கூரை ஒழுகியிருக்கு சார்," என்றார் முதலாளி, நாலாவது முறையாக. "நானூறு மூட்டை. எங்கேயாவது பூஞ்சை வாடை இருந்து, மொத்தமும் திரும்பி வந்துச்சுன்னா நான் கம்பெனியைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் லாரி நகரும்."

"பாத்துடலாம் சார்." குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் இவருக்கு முன்னால் இருந்தவர் 'மூக்கு சரியில்லை' என்று வாய் திறந்த வாரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. மூக்கு போனால் வேலை போச்சு.

டேஸ்டர்கள் பேசிக்கொள்ளக் கூடாது, ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆனால் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே! மேசைக்கு எதிர்ப்புறம் நின்ற சின்ன மூக்கம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது கோப்பை. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு நோட்டம் விட, அந்தம்மாவின் நெற்றி சுருங்கியது. பூஞ்சையா? நல்லவேளை, சுருக்கம் தானாக விலகியது. ஏழு மார்க் போட்டார்.

ஏழாவதை விழுங்கியதும் இதயம் ஒரு குதி குதித்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், இப்படி வேர்க்குது?"

"காபி சூடு சார்."

எட்டாவது கோப்பை. அந்தம்மாவின் கண்கள் அகல விரிந்தன. தற்செயலாக அந்தம்மா துப்ப வேண்டிய குவளை இவர் பார்வையில் பட்டது. சுத்தமாகக் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டுகூட இல்லை. அட! துப்ப மனசு வராமல் எல்லாவற்றையும் குடித்திருக்கிறார்! அவ்வளவு நல்ல காபி! தைரியமாக ஒன்பது போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மூச்சு விட மறந்து நின்றார் நம்மவர்.

"அடேயப்பா! எட்டுலயும் ஒரு மார்க் வித்தியாசம் இல்லையே! கையெழுத்துதான் ரெண்டு பேருதும் கோழி கிளறின மாதிரி இருக்கு." சிரித்தபடி வெளியே ஓடினார். "வண்டியை எடுப்பா!"

லாரி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது, தெருமுனையில் திரும்பி மறைந்தது. மலைபோல் வந்தது பனிபோல் போயிற்று. போன உயிர் திரும்பி வந்ததில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பதினோரு வருடம் கூட உழைத்த மனுஷியிடம் மறைக்க மனசு கேட்கவில்லை.

"உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்மா," என்றார். "எனக்கு மூணு நாளா மூக்கே வேலை செய்யலை. கண்ட மாத்திரையைப் போட்டுட்டு, காபியையும் குடிச்சு, செத்துப் பிழைச்சேன். உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் எட்டுக்கும் மார்க் போட்டேன்."

அந்தம்மாவின் கையிலிருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

"ஐயோ சார்... எனக்கும் அதே மூக்கடைப்புதான், நான் உங்க மூஞ்சியைப் பாத்துல்ல போட்டேன்!"